பாட்டி பிறந்த ஊரும் நூறு மில்லியன் பவுண்டும்

டிரான்ஸ்ஃபர் விண்டோ திறந்துவிட்டால் நம்ம ஹாஸ்டலில் எல்லாரும் ஆடிட்டர் ஆகிவிடுவோம். எக்ஸாம் ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி தெரியாதவன்கூட எந்த கிளப், எந்த பிளேயருக்கு, எத்தனை மில்லியன், எத்தனை வருஷ கான்ட்ராக்ட் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மெஸ்ஸில் தோசைக்குக் காத்திருக்கும் இருபது நிமிஷத்தை வேற எப்படித்தான் ஓட்டுவது?

ஆனால் அந்த வாக்குவாதம் முற்றும்போது ஒரு வார்த்தை வந்து விழுகிறது பாருங்க, அதைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது. துரோகி.

யாரைச் சொல்கிறார்கள் என்று உங்களில் பாதிப் பேர் இந்நேரம் ஊகித்திருப்பீங்க. டெக்லன் ரைஸ். 2023 ஜூலையில் வெஸ்ட் ஹாமில் இருந்து ஆர்சனலுக்கு வந்தவர். 100 மில்லியன் பவுண்ட், அதற்கு மேல் 5 மில்லியன் ஆட்-ஆன். ஆர்சனல் அதுவரை யாருக்கும் கொடுத்திராத தொகை. (நான் ஆர்சனல் ஃபேன். இனி வருவதைக் கொஞ்சம் சந்தேகத்தோடயே படிங்க.) விலை அதிகமா, ஆறாம் நம்பர் இடத்துக்கு சரியானவரா, எட்டாம் நம்பரா என்றெல்லாம் சண்டை போட்டு முடித்த பிறகு, எதிர்ப்பக்கம் பாயிண்ட் தீர்ந்துபோய் இதை எடுக்கும்: "அயர்லாந்துக்கு ஆடிட்டு இங்கிலாந்துக்குத் தாவினவன்தானே? நாட்டையே விட்டவனுக்கு கிளப்பை விட எத்தனை நேரம் ஆகும்?"

கேட்க நல்லா இருக்கும். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அந்த வாக்கியத்தில் ஒரு கிளப் கான்ட்ராக்டையும் ஒருத்தருடைய குடும்பத்தையும் ஒரே தராசில் வைத்திருக்கிறோம்.

நடந்தது இதுதான். ரைஸ் 1999இல் லண்டனில் பிறந்தவர். அப்பாவைப் பெற்றவர்கள் அயர்லாந்தின் கார்க் பகுதிக்காரர்கள். அந்தத் தாத்தா பாட்டி வழியாகத்தான் அயர்லாந்து அவரைக் கூப்பிட்டது. ஜூனியர் அணிகளில் இருந்தே ஆடினார். செல்சி அகாடமி 14 வயசில் அவரை வேண்டாம் என்று அனுப்பியது. வெஸ்ட் ஹாம் எடுத்துக்கொண்டது. 2018இல், 19 வயசில், துருக்கி, பிரான்ஸ், அமெரிக்கா என்று மூன்று அணிகளுக்கு எதிராக அயர்லாந்து சீனியர் ஜெர்சியில் இறங்கினார். மூன்றும் ஃபிரண்ட்லி மேட்ச். ஃபிஃபா விதிப்படி ஃபிரண்ட்லி ஆடியவர் இன்னொரு நாட்டுக்கு மாறலாம். உலகக் கோப்பை தகுதிச் சுற்று மாதிரி கணக்கில் வரும் மேட்ச் ஆடினால்தான் அன்றைக்கு இருந்த விதியில் கதவு மூடும். (2020இல் அந்த விதியும் கொஞ்சம் தளர்ந்தது.) 2019 பிப்ரவரியில், இனி இங்கிலாந்துக்குத்தான் ஆடுவேன் என்று அறிவித்தார். மார்ச்சில் ஃபிஃபா ஒப்புக்கொண்டது. அதே மாசம் செக் குடியரசுக்கு எதிராக இங்கிலாந்துக்காக இறங்கினார்.

அதே மார்ச்சில் அயர்லாந்து ஃபுட்பால் சங்கம் அவருக்கு அந்த ஆண்டின் சிறந்த இளம் வீரர் விருதும் கொடுத்தது. முதலில் படித்தபோது மீம் பேஜ் போட்ட கதை என்றே நினைத்தேன். நிஜமாகவே நடந்தது.

இப்போ 2024 செப்டம்பர் 7க்கு வாங்க. டப்ளின், அவிவா ஸ்டேடியம். நேஷன்ஸ் லீக்கில் அயர்லாந்தும் இங்கிலாந்தும். இங்கிலாந்து அணியில் ரைஸ். அவரோடு ஜாக் கிரீலிஷ். கிரீலிஷ் பர்மிங்ஹாமில் பிறந்தவர். அவருக்கும் ஐரிஷ் வேர். சின்ன வயசில் கேலிக் ஃபுட்பால் ஆடியவர், அயர்லாந்தின் ஜூனியர் அணிகளில் இருந்துவிட்டு 2015இல் இங்கிலாந்தைத் தேர்ந்தெடுத்தவர். 2021இல் மான்செஸ்டர் சிட்டி அவருக்குக் கொடுத்ததும் 100 மில்லியன் பவுண்ட்தான். ஆக, அயர்லாந்து கையில் வைத்திருந்து நழுவவிட்ட இரண்டு பேர், இரண்டு பேரும் நூறு மில்லியன் ஆள்கள், எதிரணி ஜெர்சியில் டப்ளினில் நிற்கிறார்கள். பந்து இவங்க காலுக்கு வரும்போதெல்லாம் ஸ்டேடியம் முழுக்க ஊளை.

11வது நிமிஷம் ரைஸ் கோல். 26வது நிமிஷம் கிரீலிஷ் கோல். அந்தக் கோலுக்கு பாஸ் கொடுத்ததும் ரைஸ்தான். மேட்ச் 2-0. ஸ்க்ரிப்ட் எழுதினவன் ஓவரா எழுதிட்டான் என்று நாம சொல்வோமே, அப்படி.

ரைஸ் கோல் அடித்துவிட்டுக் கொண்டாடவில்லை. அப்பாவழித் தாத்தாவும் பாட்டியும் ஐரிஷ், அவர்கள் இப்போது உயிரோடு இல்லை, அவர்களுக்கு மரியாதைக் குறைவாகிவிடும் என்ற அர்த்தத்தில் மேட்ச் முடிந்ததும் சொன்னார். கிரீலிஷ் கொண்டாடினார். இதை வைத்து ஒருத்தர் நல்லவர், ஒருத்தர் கெட்டவர் என்று நாங்க அன்னைக்கு நைட் ஒரு மணி நேரம் பேசினோம். இப்போ யோசித்தால் அதுவே அபத்தமா இருக்கிறது. சந்தோஷம் வந்தவன் கைதூக்கினான், வராதவன் தூக்கவில்லை. அவ்வளவுதான்.

அன்றைக்கு மைதானத்துக்கு வெளியே இன்னொரு கூத்தும் இருந்தது. இங்கிலாந்தின் தற்காலிக கோச் லீ கார்ஸ்லிக்கு அதுதான் முதல் மேட்ச். அவர் பர்மிங்ஹாமில் பிறந்து அயர்லாந்துக்காக 40 மேட்ச் ஆடியவர்! இங்கிலாந்து தேசிய கீதத்தைப் பாட மாட்டேன் என்றார். ஆடின காலத்தில் ஐரிஷ் கீதத்தையும் பாடியதில்லை, மேட்சுக்கு முன் கவனம் சிதறக்கூடாது என்பதுதான் காரணம் என்று விளக்கினார். இங்கிலாந்துப் பத்திரிகைகள் சும்மா விடுமா? பெரிய சண்டையாக்கின. அந்தப் பக்கம் அயர்லாந்தின் கோச் ஹெய்மிர் ஹால்கிரிம்சன், ஐஸ்லாந்துக்காரர், படிப்பில் பல் டாக்டர். இந்த மேட்சில் யார் சுத்தமான அயர்லாந்து, யார் சுத்தமான இங்கிலாந்து என்று கோடு போட்டுக் காட்டுங்க பார்ப்போம்.

சரி, அயர்லாந்து ஃபேன்ஸ் கோபப்பட்டது தப்பா என்றால், இல்லை. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் அந்தக் கோபத்தை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு வந்து ஹாஸ்டலில் வீசுகிறோம் என்பதுதான் என் புகார்.

1980களுக்குப் போங்க. 1986இல் அயர்லாந்து அணிக்கு கோச்சாக வந்தவர் ஜாக் சார்ல்டன். யார் இவர்? 1966இல் இங்கிலாந்துக்காக உலகக் கோப்பை ஜெயித்தவர். இந்த இங்கிலீஷ்காரர் செய்த முதல் வேலை, இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஆடிக்கொண்டிருந்தவர்களில் யாருக்கு ஐரிஷ் அப்பா, ஐரிஷ் தாத்தா, ஐரிஷ் பாட்டி இருக்கிறார் என்று தேடியது. 'கிரானி ரூல்' என்று கிண்டலாகச் சொல்வார்கள், பாட்டி விதி. ஜான் ஆல்ட்ரிட்ஜ் லிவர்பூலில் பிறந்தவர். ஆண்டி டவுன்செண்ட் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டோனில் பிறந்தவர். ரே ஹௌட்டன் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவர். 1988 யூரோவில், ஸ்டுட்கார்ட் நகரில், அந்த ஹௌட்டன் தலையால் முட்டிய ஒரே கோலில் அயர்லாந்து இங்கிலாந்தைத் தோற்கடித்தது. அயர்லாந்து ஃபுட்பாலில் அதைவிடக் கொண்டாடப்பட்ட கோல் அதிகம் இருக்காது. 1990இல் முதல் உலகக் கோப்பை, நேரா காலிறுதி.

டோனி காஸ்கரினோ கதை இன்னும் மேலே. அயர்லாந்துக்கு 88 மேட்ச் ஆடி ரிட்டயர் ஆன பிறகு 2000இல் சுயசரிதை எழுதினார். அதில், தன் அம்மா தத்தெடுக்கப்பட்டவர், அதனால் அந்த ஐரிஷ் தாத்தாவோடு தனக்கு ரத்த சம்பந்தமே இல்லை என்று போட்டு உடைத்தார். அவர் அடித்த 19 கோலை யாரும் திருப்பிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

இதெல்லாம் படித்தால் 'அயர்லாந்து பண்ணினா ராஜதந்திரம், ரைஸ் பண்ணினா துரோகமா?' என்று கேட்கத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்தக் கேள்வி அவ்வளவு நியாயமானது இல்லை. 1840களின் பஞ்சத்தில் இருந்து 1980களின் வேலையில்லாத் திண்டாட்டம் வரை அயர்லாந்து தன் பிள்ளைகளைக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டே இருந்த நாடு. லிவர்பூல், பர்மிங்ஹாம், கிளாஸ்கோ, லண்டன் என்று பிழைக்கப் போனவர்களின் வழிவந்தவர்கள்தான் ஆல்ட்ரிட்ஜும் டவுன்செண்டும் ரைஸும். பாட்டி விதி அந்த நாட்டுக்கு ஒரு சட்டத்து ஓட்டை மாதிரி தெரியவில்லை. போனவர்களின் வீட்டில் இருந்து ஒரு பையன் பச்சை ஜெர்சி போட்டுத் திரும்பி வருகிறான், அப்படித்தான் பார்த்தார்கள். அதே மாதிரி ஒரு பையன் வந்து, மூன்று மேட்ச் ஆடி, நல்லா ஆடி, மறுபடியும் கிளம்பி, அதுவும் இங்கிலாந்துக்கே போனால்? அந்த ஊளையில் நூற்றைம்பது வருஷத்துப் பழைய வலியும் கலந்திருக்கிறது. நமக்கு அது வெறும் பேண்டர்.

அதற்காக ரைஸ் பக்கம் எல்லாம் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். டீன் வயசில் ஐஆர்ஏவைப் புகழ்வது போல அவர் சோஷியல் மீடியாவில் போட்ட பழைய கமெண்ட், இங்கிலாந்து அணிக்கு வந்ததும் வெளியே கிளம்பியது. அதற்கு மன்னிப்புக் கேட்டார். வாயை விட்ட பையன்தான். ஆனால் அந்த ஒரு விஷயமே பாருங்க, அயர்லாந்தில் அவர் ஐரிஷ் இல்லை, இங்கிலாந்தில் அவர் போதுமான அளவு இங்கிலீஷ் இல்லை. ஒரே மாசத்தில் இரண்டு பக்கமும் அடி.

அயர்லாந்துக்கும் இன்னொரு பக்கம் இருக்கிறது. ஜேம்ஸ் மெக்ளீன் வடக்கு அயர்லாந்தின் டெர்ரியில் பிறந்தவர், வடக்கு அயர்லாந்தின் 21 வயசுக்குட்பட்டோர் அணியில் ஆடிவிட்டு டப்ளின் பக்கம் வந்தவர். அவர் வந்தபோது டப்ளினில் கைதட்டல், பெல்ஃபாஸ்டில் இதே ஊளை. எந்தப் பக்கம் நிற்கிறோமோ அந்தப் பக்கத்துக்கு அது வீடு திரும்புதல், எதிர்ப்பக்கத்துக்குத் தாவல்.

இப்போ நம்ம மொழிக்கு வருவோம். 'சொந்த ஊர் எது?' என்று நாம கேட்கிறோமே, அது என்ன கேள்வி? என் பக்கத்து ரூம் பையன் பிறந்து வளர்ந்தது மும்பை. அவங்க அப்பாவும் அங்கேதான் பிறந்தார். ஹாஸ்டலில் சேர்ந்த முதல் நாள் வார்டன் கேட்டதும் யோசிக்காமல் "திருநெல்வேலி சார்" என்றான். வாழ்நாளில் அங்கே நாலு தடவை போயிருப்பான், நாலும் கோயில் கொடைக்கு. அவனுடைய பாட்டி விதி அது. அவன் நாளைக்கு மும்பை டீமுக்குக் கபடி ஆடினால் திருநெல்வேலிக்குத் துரோகி ஆவானா? தமிழ்நாட்டுக்கு ஆடினால் அவன் வளர்ந்த தெருவுக்குத் துரோகியா? அவனிடமே கேட்டேன். "ரெண்டும் என்னோடதுதான்டா. எந்த டீம்ல எடுக்கிறாங்களோ அங்க ஆடுவேன்" என்றான். ஆர்சனலையும் கண்டபடி திட்டுவான், அது வேற கதை.

ஒரு நாடு தாத்தா பாட்டியைக் காட்டி ஒருத்தனை 'எங்க பையன்' என்று கூப்பிடுகிறது. நல்ல விஷயம். ஆனால் வரும்போது பேரன் என்றால், போகும்போதும் அவன் பேரன்தானே? கான்ட்ராக்ட் முடிந்தால் வெஸ்ட் ஹாமுக்கும் ரைஸுக்கும் சம்பந்தம் முடிந்தது. கார்க்கில் பிறந்த அந்தத் தாத்தா பாட்டியை எந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்டு ரிலீஸ் பண்ணுவது? டப்ளினில் கோல் அடித்துவிட்டுக் கையைக் கீழேயே வைத்திருந்தவனுக்கு இது தெரிந்திருந்தது என்றுதான் நான் நம்புகிறேன்.

இது ஐரோப்பாக்காரர்கள் பிரச்சினை, நமக்கென்ன என்று இனி ஒதுங்கவும் முடியாது. நம்ம நாட்டில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. இந்திய அணிக்கு ஆட இந்திய பாஸ்போர்ட் வேண்டும், ஓசிஐ கார்டு போதாது. பெர்த்தில் பிறந்த ரயன் வில்லியம்ஸ், பெங்களூரு எஃப்சி 2023இல் எடுத்த விங்கர், அம்மா மும்பையில் பிறந்தவர். 2025இல் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுவிட்டு இந்திய பாஸ்போர்ட் வாங்கினார். ரைஸ் இரண்டு நாட்டுக் குடியுரிமையையும் பையில் வைத்துக்கொண்டே அணி மாறலாம். வில்லியம்ஸ் ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடிந்தது. அந்தச் செய்தி வந்த அன்றைக்கு ஃபேன்ஸ் எல்லாரும் ஸ்டேட்டஸ் போட்டாங்க. 'வெல்கம் ஹோம்' என்று. ரைஸைத் துரோகி என்று கூப்பிடும் அதே ஆள்களும் போட்டாங்க.

வில்லியம்ஸ் 2019இல் ஆஸ்திரேலிய சீனியர் அணிக்காக ஒரு மேட்ச் ஆடியிருக்கிறார். தென்கொரியாவுக்கு எதிராக. ஃபிரண்ட்லி. பெர்த்தில் யாராவது ஒருத்தர் அதைச் சுட்டிக்காட்டி அவரைத் துரோகி என்று சொன்னால், நீங்க என்ன பதில் சொல்வீங்க?