மரத்தரை மோகம்

சென்ற மாதம் சென்னையில் ஒரு நண்பருடைய புது ஃபிளாட்டுக்குப் போயிருந்தேன். வாசலிலேயே உபதேசம் ஆரம்பமாயிற்று. "காலை நன்றாகத் துடைத்துக்கொண்டு வாருங்கள் ஸார், ஈரம் படக் கூடாது!" கூடம் முழுவதும் மரத்தரை. 'இன்ஜினியர்ட் வுட்' என்றார். "அசல் ஓக்" என்றும் பெருமைப்பட்டார்.

அசல்தான், எவ்வளவு அசல் என்பதல்லவா கேள்வி! 14, 15 மில்லி மீட்டர் கனமுள்ள பலகையில் மேலே தெரியும் ஓக், பெரும்பாலும் 3 அல்லது 4 மில்லி மீட்டர். அடியில் இருப்பவை வேறு மரத் தகடுகள். ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்துப் பசையிட்டு அழுத்தியவை.

யோசனை கெட்டிக்கார யோசனைதான். மரம் ஈரத்தைக் குடித்தால் அகலத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். குறுக்கு அடுக்கு அந்த அசைவைப் பிடித்து வைக்கிறது. 1941-இல் ஸ்வீடனில் குஸ்டாஃப் சேர் இத்தகைய பல அடுக்குத் தரைக்குக் காப்புரிமை பெற்றார். கல் தரை பாதத்தைக் கடிக்கும் குளிர் தேசம் அது. அங்கே அது அவசியம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

கோபமெல்லாம் நம் மேல்தான். குறுக்கு அடுக்கு அசைவைக் குறைக்கும், ஒழிக்காது. ஆகையால்தான் பலகைகளை இரண்டு மூன்று நாள் அறையிலேயே பழகப் போடச் சொல்கிறார்கள்; சுவரோரம் 10 மில்லி மீட்டர் இடம் விடச் சொல்கிறார்கள்; காற்றின் ஈரப்பதம் 60 சதவிகிதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள். ஐப்பசி மாதத்துச் சென்னையில் இதை யாரிடம் போய்ச் சொல்வது? கடற்காற்று கேட்டுக்கொள்ளுமா? "ஏ.ஸி. இருக்கிறதே!" என்கிறார் நண்பர். அதாவது, ஆள் இல்லாத அறையிலும் தரைக்காக ஏ.ஸி. ஓட வேண்டும்!

நண்பருடைய தாயாருக்கு எழுபது வயது. வெள்ளிக்கிழமைதோறும் வீட்டைக் கழுவி மாக்கோலம் போட்டுப் பழகிய கை. இப்போது இரண்டுக்கும் தடை. வேலை செய்கிறவளுக்கு வாளியே தடை. "கழுவக் கூடாத தரை என்னடா தரை?" என்று தாயார் கேட்டாராம், நண்பர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"செட்டிநாட்டார் வீட்டில் மரம் இல்லையா?" என்பார்கள். இருந்தது. பர்மாத் தேக்கைக் கப்பலில் வரவழைத்தவர்கள் அதைத் தூணாக நிறுத்தினார்கள்; கதவாகச் செதுக்கினார்கள். பாதத்தின் கீழே பதித்ததோ ஆத்தங்குடிக் கல்! கண்ணாடியின் மேல் வண்ணச் சாந்தை வார்த்து, மணலும் சிமெண்டும் சேர்த்து, சூளையில் வைக்காமல் தண்ணீரில் ஊறவைத்துப் பதமாக்கியது. அவர்களிடம் பணமா இல்லை? ஊரின் வெயிலும் மழையும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆசையிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் பணம். அதற்கு முன் இரண்டு பேரைக் கேளுங்கள். விற்கிறவரிடம் மேல்தகட்டின் கனத்தைக் கேளுங்கள். வீட்டைத் துடைக்கிறவரிடம் சம்மதம் கேளுங்கள்.