ஆற்று மீனும் விதைநெல்லே

மூல வைகையில் வெள்ளம் வருங்காலத்தில் கடமலைக்குண்டைச் சூழ்ந்த கண்மாய்களும் குட்டைகளும் நிரம்பி மறுகால் பாய்கின்றன. அந்நீரோடு வளர்ப்பு மீன்களும் ஆற்றில் இறங்கிவிடுகின்றன. ஆற்றில் மீன் பெருகுவது நன்மைதானே என்று நம் அங்கத்தினர் பலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் சரியானதுதானா என்று சற்றே ஆராய்வோம்.

மீன் வளர்ப்பை நாம் வெறுப்பவர் அல்லோம். 1957 ஜூலை 10-இல் ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌதுரி ஊசிமருந்தின் துணையால் கெண்டை மீனைப் பண்ணையிலேயே முட்டையிடச் செய்தார். அதன் பயனாகவே கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் இன்று எளிதில் கிடைக்கின்றன. உழவனுக்கு அது நல்ல துணை வருமானம்.

எனினும், குளத்துக்கு நன்மையானது ஆற்றுக்குத் தீமையாகலாம். 1952-இல் நம் நாட்டுக்குக் கொணரப்பட்ட ஜிலேபிக் கெண்டை, முட்டைகளை வாயில் வைத்துக் காத்து விரைந்து பெருகுவது. அதைப் பரப்பலாகாதென 1959-இல் தடுத்தும் பயனில்லை. நீர்த்தேக்கங்கள் பலவற்றில் அது முன்பே குடியேறிவிட்டது. 1895 முதல் நம் பள்ளத்தாக்குக்கு நீர் தரும் பெரியாற்று ஏரியிலும் இதே கதைதான். அந்த ஆற்றுப் பகுதியன்றி உலகில் வேறெங்கும் இல்லாத ‘பெரியாறு டிரவுட்’ என்னும் மீனை ஜிலேபியும் அயல்நாட்டுக் கெண்டையும் நெருக்குகின்றன.

வேற்றினம் இடத்தைப் பறிக்கிறதென்றால், சொந்த இனமோ குணத்தைக் கெடுக்கிறது. அமெரிக்காவின் ஹூட் நதியில் ஸ்டீல்ஹெட் என்னும் டிரவுட் மீனை ஆராய்ந்தவர்கள், பண்ணையில் கழியும் ஒவ்வொரு தலைமுறைக்கும் அதன் இனப்பெருக்கத் திறன் ஏறத்தாழ 40 சதவிகிதம் குறைவதாக 2007-இல் அறிவித்தனர். தொட்டியில் இரை தேடும் வேலையில்லை. பகைக்கு அஞ்சி ஒளியும் தேவையுமில்லை. அங்கே தேறும் மீன் ஆற்றில் தேறுவதில்லை. ஆற்று மீனோடு அது கூடினால் அக்குறை சந்ததிக்கும் இறங்குகிறது.

இன்று விராலும் பண்ணைகளில் வளர்க்கப்படுகிறது. கோடையில் மூல வைகை வற்றும்போது மடுக்களில் ஒதுங்கி உயிர் பிழைத்து, புதுவெள்ளத்தில் பெருகுவது நம் ஆற்று விரால். அத்திறம் பல தலைமுறைகளின் சொத்து. அதனைக் கலப்பால் இழத்தல் விதைநெல்லைக் குத்தி உண்பதற்கு ஒப்பாகும். பாவில் தரங்கெட்ட நூல் கலந்துவிட்டால் நெசவாளர் அறுத்துப் பிணைத்துக்கொள்ளலாம். ஆற்றில் கலந்த மீனை எவர் பிரித்தெடுப்பார்?

ஆகவே நாம் வேண்டுவது மூன்று. வளர்ப்புக் குளங்களின் மறுகாலில் வலை கட்டுவோம். கண்மாய்க்குக் குஞ்சு வாங்குமுன் அது எந்த இனம், எங்கே பொரித்தது என்று கேட்டறிவோம். வருசநாட்டு மேலாற்றில் வளர்ப்புக் குஞ்சு எதையும் விடாதிருப்போம். அடுத்த பேரவையில் இவற்றைத் தீர்மானமாக்க வேண்டுகிறோம். அயிரையும் விராலும் நம் பேரர்களுக்கும் உரியன.