பசியும் கோபமும் ஒட்டிக்கொண்டால்...

"அம்மா, நான் ஹேங்ரியா இருக்கேன்!" என்று ஸ்கூல் விட்டு வந்த பெண் சொன்னால், "என்னடி இது? ஹங்ரின்னு ஒழுங்காச் சொல்லு" என்று திருத்தப் போகாதீர்கள். அவள் சொன்னது சரிதான். 'ஹங்ரி' என்றால் பசி. 'ஆங்ரி' என்றால் கோபம். இரண்டையும் ஒட்டினால் 'ஹேங்ரி', அதாவது பசியால் வருகிற கோபம். 2018-ல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியிலேயே ஏறிவிட்ட வார்த்தை!

இந்த ஒட்டு வேலை இன்று நேற்று வந்ததல்ல. 1871-ல் வெளியான ஆலிஸ் கதையின் இரண்டாம் புத்தகத்தில் லூயிஸ் கரோல் இதற்கு 'போர்ட்மாண்டோ' என்று பெயர் வைத்தார். அது இரண்டு பாதியாகத் திறக்கும் பயணப் பெட்டியின் பெயர். 1895-ல் கை பெரிங்கர் என்ற இங்கிலாந்து எழுத்தாளர், ஞாயிற்றுக்கிழமை தாமதமாக எழுந்திருப்பவர்களுக்காகக் காலைப் பலகாரத்தையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக்கச் சொன்னார். 'பிரேக்ஃபாஸ்ட்'டும் 'லஞ்ச்'சும் சேர்ந்து 'பிரஞ்ச்' ஆயிற்று. இன்று சென்னை ஹோட்டல்களிலும் ஞாயிறு பிரஞ்ச் உண்டு. தமிழும் இங்கிலீஷும் கலந்த நம் 'தங்கிலீஷ்' கூட இதே ஜாதிதான்.

இப்படிப் பிறப்பவை எல்லாமே நிலைப்பதில்லை. எல்லோருக்கும் தெரிந்து, ஆனால் பெயர் இல்லாமல் கிடக்கும் விஷயத்துக்குப் பெயர் கொடுத்தால்தான் வார்த்தை பிழைக்கும். அமெரிக்க எழுத்தாளர் ரெபெக்கா சோல்னிட்டிடம், அவர் எழுதிய புத்தகத்தைப் பற்றியே ஒரு மனிதர் பாடம் நடத்தினாராம்! 2008-ல் அவர் அதைக் கட்டுரையாக எழுதிய பிறகு இன்டர்நெட்டில் பரவியது 'மேன்ஸ்ப்ளெயின்'. 'மேன்', 'எக்ஸ்ப்ளெயின்' இரண்டின் ஒட்டு. சமையலறைப் பக்கமே வராதவர் நமக்கு ரசம் வைக்கச் சொல்லித் தருகிறாரே, அதேதான்!

'ஹேங்ரி'க்கும் காரணம் உண்டு. நெடுநேரம் சாப்பிடாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை குறையும். அதை ஈடுகட்ட உடம்பு அட்ரினலின் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கும். படபடப்பும் எரிச்சலும் கூடவே வரும். அதனால், பிள்ளை பையை வீசினால் முதலில் ஒரு வாழைப்பழமோ சுண்டலோ கொடுங்கள். புத்திமதி அப்புறம்.

இது உங்களுக்கும்தான், சகோதரி! எல்லோருக்கும் டப்பா கட்டிக் கொடுத்துவிட்டு, பதினோரு மணி வரை வெறும் காபியோடு நின்றால் யார் மேலாவது எரிந்து விழத்தான் தோன்றும். "எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருது?" என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். முதலில் இரண்டு இட்லியைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.