நம் நட்சத்திரம் எங்கே உளது?

பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு ஊர் வந்த நம்மவர் வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்தபோதிலும் நட்சத்திரத்தை விட்டு வந்ததில்லை. கோயிலில் அர்ச்சகர் வினவியதும் "சுவாதி" என்றும் "கேட்டை" என்றும் நம் குழந்தைகள் தடையின்றி விடை பகர்கின்றனர். ஆயின், அச்சுவாதி வானில் எங்கே என்று கேட்டால் விழிக்கின்றனர். பெயர் எஞ்சிப் பொருள் மறைவது நன்றன்று.

வெறுங்கண்ணுக்குத் தனித்தனியே புலனாகும் விண்மீன்கள் யாவும் நமது பால்வீதியைச் சேர்ந்தவையே. தெளிந்த இருளில் ஒரு வேளைக்கு நாம் காண்பவை 2,000 அல்லது 3,000. பால்வீதியில் உள்ளவையோ 10,000 கோடிக்குக் குறையா! அதன் அகலம் ஏறத்தாழ 1,00,000 ஒளியாண்டு. நம் கதிரவன் அதன் நடுவிலிருந்து 26,000 ஒளியாண்டுக்கு அப்பால் உளது.

எஞ்சியவை எங்கே? இரவில் ரயில் நிலைய நடைமேடையில் நிற்பவர்க்கு அருகிலுள்ள விளக்குகள் தனித்தனியே தெரியும். தொலைவிலுள்ள நகரத்தின் விளக்குகளோ ஒன்று கலந்து வெறும் வெளிச்சமாகவே தோன்றும். ஆகாய கங்கை எனும் வெண்பட்டையும் அத்தகையதே. சுவாதியும் கேட்டையும் நம் தெருவின் விளக்குகள்; ஆகாய கங்கை நம் ஊரின் பிற தெருக்கள்.

வேற்றூர் ஒன்றும் நம் கண்ணுக்கு எட்டும். கார்த்திகை மாத இரவுகளில் மங்கிய திட்டாகத் தோன்றும் ஆண்ட்ரோமீடா அது. 1923-இல் எட்வின் ஹப்பிள் அதிலுள்ள மாறொளி விண்மீன் ஒன்றைக் கண்டறிந்து, அதன் துணையால் அது நம் பால்வீதிக்குப் புறம்பானது என நிறுவினார். இன்றைய கணக்கில் அதன் தொலைவு ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டு.

இவற்றைக் காண இருள் வேண்டும். ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் வானாய்வகம் அமைந்ததும், அங்கு 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியதும் அதன் பொருட்டே. நல்லேப்பிள்ளி வயல்வெளியில் அவ்விருள் இன்னும் சிறிது எஞ்சியுள்ளது. விளக்குகள் ஆண்டுதோறும் பெருகி வருவதால், அது நெடுநாள் நிலைக்கும் என்பதற்கில்லை.

ஆதலின், வரும் சித்திரை அமாவாசை நள்ளிரவில் குழந்தைகளை வரப்பிற்கு அழைத்துச் செல்லுங்கள். உச்சி வானில் செம்பொன் நிறத்தில் ஒளிர்வது சுவாதி. இன்று 37 வயதினர் பிறந்த ஆண்டில் புறப்பட்ட ஒளியே இப்போது நம் கண்ணை அடைகிறது! தென்கிழக்கே செந்நிறக் கேட்டையையும், அதன் கீழே மூலத்தையும், அருகே ஆகாய கங்கையையும் காட்டுங்கள். அர்ச்சகர் கேட்கும் பெயர் இனி அவர்கட்கு வெறும் சொல்லாய் இராது.