இயக்க விதிகளும் எம் மலைப்பாதையும்

விஞ்ஞான ஆசிரியர் வராத நாளொன்றில் பத்தாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்மேல் விழுந்தது. ஹற்றனுக்கு அணித்தாயுள்ள தோட்டப் பாடசாலை அது. பாடநூல் நியூற்றனின் இயக்க விதிகளில் திறந்து கிடந்தது. முதலாம் விதியைச் சொல்லுமாறு ஒரு மாணவனைக் கேட்டேன். புறவிசை தாக்காதவரை ஓய்விலுள்ள பொருள் ஓய்விலும், இயங்கும் பொருள் நேர்கோட்டில் சீரான வேகத்திலும் இருக்கும் என எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்தான். “அப்படியாயின் பஸ் புறப்படும்போது நிற்பவர்கள் ஏன் பின்னே சாய்கின்றனர்?” என்றேன். அவனிடம் விடையில்லை. பின்வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி எழுந்து, “காலு பஸ்ஸோட போயிருது சேர், ஒடம்பு பின்னுக்கு நின்னுருது” என்றாள். வகுப்புச் சிரித்தது. யான் சிரிக்கவில்லை. 1687ஆம் ஆண்டில் நியூற்றன் இலத்தீனில் எழுதிய விதியை அப்பிள்ளை தோட்டத்துத் தமிழில் சொல்லிவிட்டாள். ஆயினும் பரீட்சைத் தாளில் அவ்வாறு எழுதியிருப்பின் அவளுக்கு எத்தனை புள்ளி கிடைத்திருக்கும்?

சடத்துவம் என யாம் வழங்குவதைத் தமிழ்நாட்டார் நிலைமம் என்பர். யாம் திணிவு என்பதை அவர் நிறை என்பர். யாம் நிறை என்பதை எடை என்பர். இரு நாட்டு நூல்களையும் மாற்றி மாற்றிப் படிக்கும் பிள்ளை தடுமாறுவது இயல்பே. எனினும் பெருங்குறை கலைச்சொல்லில் இல்லை. சொல்லுக்குரிய பொருள் தன் கண்முன்னே நாடோறும் நிகழ்வதை மாணவன் அறியாதிருப்பதே குறை. மனனஞ் செய்வித்துப் பழகிய எம்போன்ற தமிழாசிரியர்க்கும் இதிற் பங்குண்டு.

இவ்விதிகளைக் கற்பிக்க மலைநாட்டினும் சிறந்த ஆய்வுகூடம் வேறில்லை. கொழும்பிலிருந்து வரும் புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் அடைந்தது. பட்டிப்பொலையருகே அது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,898 மீற்றர் உயரத்தைத் தொடுகிறது. 44 அடி சென்றால் ஓரடி உயரும் சரிவுகள் அப்பாதையில் உண்டு. அத்தகைய சரிவில் ஒவ்வொரு தொன் சுமையும் ஏறத்தாழ 23 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசையால் வண்டியைப் பின்னோக்கி இழுக்கிறது. இயந்திரம் அதனை வென்று எஞ்சிய விசையே வேகத்தைக் கூட்டும். இரண்டாம் விதி முழுவதும் இதில் அடங்கும். கொழுந்து மூட்டையைக் கம்பியில் மாட்டி மேல்மலையிலிருந்து தொழிற்சாலைக்கு வழுக்கி விடும் வழக்கம் முன்னாளிற் பல தோட்டங்களில் இருந்தது. இறங்க இறங்க அம்மூட்டை ஏன் விரைந்தது என்று ஒரு தாத்தாவைக் கேட்டு வருமாறு பிள்ளைகளைப் பணித்தால், அதுவே நல்ல பாடமாகும்.

மழை நனைத்த சரிவில் கூடையுடன் ஏறும் தாய், நிலத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறாள். நிலம் அவளை முன்னோக்கித் தள்ளுகிறது. சேற்றினால் உராய்வு குறையின் இரண்டும் ஒருங்கே குறையும், கால் வழுக்கும். மூன்றாம் விதி இதுவே. நம் மேடைப் பேச்சாளர் சிலர் இவ்விதியை ஊழ்வினையோடு முடிச்சிட்டு, நம் முன்னோர் இதனை அன்றே அறிந்தனர் என முழங்குவர். அது பொருந்தாது. தாக்கமும் மறுதாக்கமும் ஒரே கணத்தில் வெவ்வேறு பொருள்கள்மீது நிகழ்வன. செய்தவனைப் பின்னொரு நாள் தேடிவரும் பயனுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. சைவத்துக்கு நியூற்றனின் சான்றிதழ் வேண்டுவதில்லை.

யான் இதனை வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2023ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் நானுஓயா ரதல்லக் குறுக்கு வீதியில் பாடசாலை மாணவரை ஏற்றிவந்த பஸ் வண்டியொன்று வான் ஒன்றுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் ஏழு பேர் மாண்டனர். 2025 மே 11இல் கொத்மலை கெரண்டி எல்லப் பகுதியில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 20 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். இவற்றிற்குக் காரணமானோர் யார் எனத் தீர்ப்பது என் வேலையன்று. ஆனால், வளைவில் ‘வண்டி வெளியே தள்ளுகிறது’ என்று நாம் பேசுகிறோமே, எவரும் தள்ளவில்லை. உடல் நேரே செல்ல முனைகிறது, வண்டிதான் திரும்புகிறது. அவ்வண்டியைத் திருப்புவது சில்லுக்கும் தாருக்கும் இடையிலுள்ள உராய்வு மட்டுமே. வேகம் இருமடங்காயின் அதே வளைவில் திரும்ப நான்கு மடங்கு விசை வேண்டும். மழையும் மூடுபனியும் வீதியை நனைத்த வேளையில் அவ்விசைக்கு எங்கே போவது? எரிபொருளை மிச்சம்பிடிக்கக் கியரை விடுவித்து இறங்கும் சாரதி, இயந்திரம் தரும் தடையை இழந்து முழுப் பாரத்தையும் பிறேக்கின்மேற் சுமத்துகிறார். அது சூடேறிப் பிடியை இழக்கும். மிதிபலகையில் தொங்கும் மாணவனும், லொறியின் பின்புறத்தில் கொழுந்து மூட்டைமேல் அமரும் தொழிலாளியும் இதனை அறிந்திருத்தல் வேண்டும். இன்றைய மாணவருட் பலர் நாளைய சாரதிகள் என்பதையும் மறத்தலாகாது.

பரீட்சைத் தாளில் ‘விதியைக் கூறுக’ என்பதற்குப் பதில், ‘நீ ஏறிவந்த பஸ்ஸில் அதனைக் கண்ட இடத்தைக் கூறுக’ என்றொரு வினா இடம்பெறுதல் வேண்டும். அதற்கு வரும் விடை பேச்சுத்தமிழில் இருப்பினும் புள்ளி குறைக்கலாகாது; தமிழாசிரியனாகிய யானே இதனைச் சொல்கிறேன்.

நம் கல்லூரியின் பழைய மாணவருள் பொறியியலாளர் பலர் உளர். ஏப்பிரல் மாதத்தில் குளிர்காய நுவரெலியாவுக்குக் குடும்பத்தோடு வருவோரும் அவருட் பலர். அது பாடசாலை விடுமுறைக் காலமாயினும், முன்கூட்டி ஓர் அஞ்சலட்டை எழுதினால் ஒரு மணிநேரத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிவைப்போம். பலகையொன்றும் சிறு சில்லு வண்டியொன்றும் கொணர்ந்தாற் போதும். சரிவு இங்கே இருக்கிறது.