பத்துக்கு எட்டு அடி

பேனர்களை எதிர்த்து எழுதுகிறவர்கள் வழக்கமாக மூன்று காரணங்களைச் சொல்வார்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல், ஊரின் அழகு கெடுகிறது, முறையான அனுமதி இல்லை. மூன்றும் சரிதான். ஆனால் அந்தப் பேனரில் நிற்கும் 12 வயதுச் சிறுமியிடம் யார் அனுமதி வாங்கினார்கள் என்று கேட்ட கட்டுரையை நான் இன்னும் படிக்கவில்லை.

பூப்புனித நீராட்டு விழா பேனரைத்தான் சொல்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். நடுவில் சிறுமி, அவள் வயதுக்குப் பொருந்தாத பட்டுப்புடவை, வாடகை நகைசெட், பின்னால் எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய அருவி. பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட தாய்மாமன். மேல் மூலைகளில் கட்சித் தலைவர், சாதிச் சங்கத் தலைவர். கீழே 'அன்புடன் வரவேற்கும்' என்று போட்டு இருபது ஆண்களின் பெயர்கள். இது பேருந்து நிறுத்தத்திலும் டீக்கடைக்கு எதிரிலும் கட்டப்படுகிறது.

அதே தெருவில் உள்ள மருந்துக்கடையில் நாப்கின் கேட்டுப் பாருங்கள். செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டுத் தருவார்கள். மாதவிடாய் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற ஊர், ஒரு குழந்தைக்கு முதல் மாதவிடாய் வந்த செய்தியைப் பத்துக்கு எட்டு அடியில் அவள் முகத்தோடு அச்சடித்து நடுத்தெருவில் கட்டுகிறது. முகத்தை வெளியே காட்டுவதுதான் சிக்கல் என்றால், அந்தப் பெண் நான்கு வருடம் கழித்து வாட்ஸ்அப்பில் தன் படத்தை வைக்கும்போது அதே வீடு ஏன் செல்போனைப் பிடுங்குகிறது?

இது எப்போதும் இருந்த வழக்கம் என்று நினைக்க வேண்டாம். சடங்கு பழையது, விளம்பரம் புதியது. கையால் வரைந்த தட்டிகளின் காலத்தில் ஒரு புகைப்படத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கி, துணியில் வண்ணம் ஏற்ற நாட்கள் பிடிக்கும். அந்தச் செலவு சினிமாவுக்கும் தேர்தலுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும்தான் கட்டுப்படியானது. 1990களில் சென்னைச் சாலைகளில் ஜெயலலிதாவின் கட்-அவுட்டுகள் கட்டடங்களுக்கு மேல் எழுந்து நின்றன. அவர் அரசியல் மீது எனக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு. ஆனாலும் தெருவில் தன் உருவம் இருக்கலாமா கூடாதா என்று சொல்லும் அதிகாரம் அவரிடம் இருந்தது. சோப்பு விளம்பரத்தில் நின்ற பெண்ணுக்கு அது இல்லை.

பிறகு கணினி அச்சில் ஃப்ளெக்ஸ் வந்தது. தட்டி ஓவியர்களின் பிழைப்பு போனது. காலையில் படம் கொடுத்தால் மாலையில் பேனர், கூலி சதுர அடிக் கணக்கு. விளம்பரம் எளியவர் கைக்கும் வந்துவிட்டது என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். வந்தது வீட்டு ஆண்களின் கைக்கு. பெண்களாகக் கூடி மஞ்சள் நீர் ஊற்றி, உறவுக்குள் சொல்லி முடித்த செய்தி பேருந்து நிறுத்தத்துக்குப் போனது. இன்ன சாதி, இன்ன குடும்பம், மணத்துக்குத் தயார் என்ற பழைய அறிவிப்புதான் அது. இப்போது போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும். 18 வயதுக்கு முன் திருமணம் கூடாது என்கிற நாட்டில், 12 வயதில் மணப்பெண் வேடம்.

என் வகுப்பு மாணவிகளிடம் இதைப் பற்றிப் பேசினேன். "ரெண்டு வாரம் நான் அந்தத் தெரு வழியா ஸ்கூலுக்குப் போகல மேடம். பசங்க வயித்தப் பாத்துச் சிரிச்சாங்க" என்றாள் ஒருத்தி. தனக்குப் பிடித்திருந்தது என்று இன்னொருத்தி சொன்னாள். அதையும் நான் ஒதுக்கவில்லை. முதன்முறையாக வீடே தன்னைச் சுற்றி நின்றதாக அவள் நினைவில் இருக்கிறது. அதற்கு அவளுக்கு மாதவிடாய் வர வேண்டியிருந்தது. பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தபோது எவரும் பேனர் கட்டவில்லை. பழைய ஃப்ளெக்ஸ் இப்போது வைக்கோல் போருக்கு மூடாக்காம்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? பெண்களை அநாகரிகமாகச் சித்தரிப்பதைத் தடுக்கும் 1986ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நடைமுறையில் அதைக் கையில் எடுப்பவர்கள் எவ்வளவு தோல் தெரிகிறது என்றுதான் அளக்கிறார்கள். கழுத்து முதல் கால்வரை பட்டு சுற்றிய சிறுமி அந்தக் கண்ணில் படுவதே இல்லை. 2017இல் உயிரோடு இருப்பவர்களின் படங்களைப் பேனரில் போடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபோதும் சர்ச்சை தலைவர்களின் படங்களைப் பற்றியே நடந்தது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஓர் அரசியல் பிரமுகர் வீட்டுத் திருமணப் பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் வந்த இளம்பெண் லாரியில் சிக்கி இறந்தார். கட்சிகள் இனி பேனர் வைக்காதீர்கள் என்று தொண்டர்களுக்கு அறிக்கை விட்டன. அறிக்கை கட்சிக்காரர்களுக்கு. தாய்மாமன்களுக்கு யார் சொல்வது?

நான் கேட்பது சிறிய விஷயம். பேனருக்கு அனுமதி கேட்டு வருகிறவரிடம் அளவும் இடமும் நாளும் கேட்கிற அதிகாரி, படத்தில் இருக்கும் பிள்ளையின் வயதையும் கேட்கட்டும். 18க்குக் கீழ் என்றால் அச்சுக்கடைக்காரர் படத்தைத் திருப்பிக் கொடுக்கட்டும். 'பண்பாடு' என்று சொல்லிச் சண்டைக்கு வருகிற மாமன், விருப்பமிருந்தால் தன் முகத்தை மட்டும் போட்டுக்கொள்ளலாம்.