எச்சில் தொட்டுக் கிழித்த டிக்கெட்

டவுன் பஸ்ஸில் சாதி கரைந்துவிடுகிறது என்று ஒரு நண்பர் கவியரங்கத்தில் வாசித்தார். தோளோடு தோள் உரசி நிற்கிறோமாம். கண்டக்டர் எச்சில் தொட்டுக் கிழித்துத் தந்த டிக்கெட்டை எல்லாச் சாதியும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதாம். கைதட்டல். நானும் தட்டித் தொலைத்தேன்.

தோழர்களே, அந்த எச்சிலைக் கொஞ்சம் விசாரிப்போம்.

என் அப்பா கண்டக்டர். டவுன் பஸ்தான், ஆனால் நாலு ஸ்டாப் தாண்டினால் கிராமம். அவர் எந்தத் தெரு என்று தெரிந்தவர்கள் காசை உள்ளங்கையில் வைக்க மாட்டார்கள், மேலேயிருந்து போடுவார்கள். டிக்கெட்டை நுனியில் பிடித்து வாங்குவார்கள். டவுனுக்குள் மட்டும் அவர் எச்சில் வெறும் எச்சில். அங்கே சாதி கரையவில்லை ஐயா, விலாசம் தெரியவில்லை.

விலாசம் தெரிந்தால்? பல்லவன், சேரன், சோழன், பாண்டியன் என்று ராஜாக்கள் பேரில் இங்கே பஸ் ஓடியது. திருநெல்வேலியில் கட்டபொம்மன் பேரில் ஓடியது. ஒருத்தனுக்கும் உடம்பு கூசவில்லை. 1997-ல் அதே கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பேரை விருதுநகரில் ஒரு கழகத்துக்கு வைத்ததும், அந்தப் பேர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று கிளம்பினார்கள் சாதி இந்துக்கள். தென்மாவட்டங்களில் கலவரம். அரசு அதே வருஷம் எல்லாக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும்கூட, தலைவர்கள் பேரையே துடைத்தெடுத்தது. சென்னைப் பல்லவன் பேர் போனதும் இதில்தான். ஒரு தலித் பேரைச் சுமப்பதைவிட பேரில்லாமல் ஓடுவது மேல்!

அப்பா கடைசி டிரிப் முடிந்து டிப்போவில் பையைக் கொட்டி எண்ணுவார். வேபில்லுக்குக் குறைந்தால் கைக்காசு. பேங்க் கவுண்டரில் எனக்கும் அதே சட்டம்தான். ஆனால் எனக்கு முன்னால் கண்ணாடி, தலைக்கு மேலே ஃபேன். அவருக்கு ஆடுகிற வண்டி, இடிக்கிற கூட்டம், அடுத்த ஸ்டேஜுக்குள் போட்டு முடிக்க வேண்டிய டிக்கெட், சில்லறைக்கு வசவு. ஒரு ஆள் விட்டுப்போய் செக்கிங் ஏறினால் மெமோ. ஒண்ணுக்குப் போக நேரமில்லை என்று தண்ணியே குடிக்க மாட்டார். நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. அந்தக் காலோடுதான் ரிட்டையர் ஆனார். ஆகவே கண்டக்டரை எவனாவது திட்டினால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நம்மாட்களுக்கேதான்.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசம் என்று அரசு அறிவித்தது. இதற்காக வருஷத்துக்கு 1,200 கோடி ரூபாய் மானியம் என்றும் சொன்னது. அது யார் பணம்? சோப்பு வாங்கினாலும் வரி கட்டுகிற அந்தப் பெண்களின் பணமும்தான். 2022-ல் ஒரு அமைச்சரே மேடையேறி இதை ‘ஓசி’ என்றார். சட்டமன்ற உறுப்பினருக்கும்தான் இலவச பஸ் பாஸ் உண்டு. அவரை எவனாவது ஓசி என்று கூப்பிட்டானா?

போன வாரம் காலை பஸ். துப்புரவு வேலை முடிந்து சீருடையோடு ஒரு அம்மா ஏறினார். “ஓசிதானே, பின்னாடி போம்மா, நாறுது” என்றார் கண்டக்டர். மெஷினில் வந்த சீட்டைக் கிழித்து மேலேயிருந்து போட்டார். அது கையில் விழாமல் கீழே விழுந்தது. அவர் நம் தெரு ஆள். ஏப்ரல் பதினாலு ஊர்வலத்தில் எனக்கு முன்னால் கோஷம் போட்டவர்.

தோழர் கண்டக்டரே, உன் முதுகில் ஏறியிருக்கிற வேலைச் சுமையை இறக்க டிப்போ வாசலில் சண்டை போடு, நானும் வருகிறேன். அந்த அம்மா தலையில் இறக்காதே. என் அப்பா கையில் மேலேயிருந்து போட்டார்களே, அந்தக் கை எப்படி உனக்கு வந்தது?

இதை அன்றைக்கே கேட்டிருக்கணும். பேங்குக்கு நேரமாச்சு என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த அம்மா கூட்டத்துக்குள் குனிந்து சீட்டைத் தேடி எடுத்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டார். செக்கிங் ஏறினால் காட்டணுமே.